பாலத்தில் கொட்டிய கஷாயச் சக்கை

சக்கையை யாரும் மிதிக்கவில்லை. அதுதான் முதலில் சூயுனை உறுத்தியது. ஃபூஜியான் மலையில் எல்லோரும் படமெடுக்க வரும் அந்தக் கூரை போட்ட மரப்பாலத்தின் நட்டநடுவில், மகனுக்குக் கஷாயம் வடித்த வேர்ச்சக்கையை அவள் விடியற்காலையிலேயே கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். வந்த கூட்டமெல்லாம் யாரோ தோளைப் பிடித்து விலக்கியதுபோல அதைச் சுற்றி ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

மிதிப்பவர் காலோடு நோய் போய்விடும் என்பது ஊர் வழக்கம். மற்றவர்கள் தெருமுனையில் கொட்டுவார்கள். அக்கம்பக்கத்தாருக்கு வேண்டாமே என்று இவள்தான் வெளியூர்க்காரர்கள் நடக்கும் பாலத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதைப் பெரிய தர்மமாகவும் நினைத்துக்கொண்டாள். பாலத்தையொட்டிய வீட்டில் மகன் யூஹாங் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இருமலும் விசில்போல இழுத்து முடியும்.

சாயங்காலம் கடைசிப் பேருந்துக் கூட்டம் வந்தது. ஆற்றிலிருந்து ஏறிய பனி பலகை இடுக்குகளில் புகுந்து, பாசியும் ஊதுபத்தியும் கலந்த வாசனையோடு கணுக்காலைத் தொட்டது.

"இதுல ஒரு இரும்பு ஆணிகூட கிடையாதுங்க," என்றாள் வழிகாட்டி. "மரத்துக்குள்ள மரம் கோத்தது. உங்க வீட்டுக் கட்டில் ஆடும், இது ஆடாது."

எல்லோரும் சிரித்தார்கள். தாயின் கையை உதறிவிட்டு ஒரு பையன் ஓடிவந்தான். யூஹாங் வயதுதான். தடுக்கலாம் என்று பாலத்தின் ஓரத்தில் நின்ற சூயுன் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

மிதித்தான்.

உடனே இருமினான். விசில்போல இழுத்த அதே இருமல். நிமிர்ந்து சூயுனைப் பார்த்தான்.

"அம்மா," என்றான்.

"லேலே, நான் இங்க இருக்கேன்டா. யார்கிட்டப் போய் ஒட்டிக்கிற?" பெற்றவள் சிரித்தபடி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

சூயுன் வீட்டுக்கு ஓடினாள். இருமல் சத்தம் இல்லை. யூஹாங் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் நிறம். மூச்சு சீராக வந்தது. அழுகை பொங்க அவனை அள்ளி அணைத்தாள். அவன் உடம்பு விறைத்தது.

"ஆன்ட்டி," என்றான், வெளியூர்க்காரர்களின் பேச்சில். "எங்கம்மா எங்க? பஸ் போயிடும்."

வெளியே என்ஜின் உறுமியது.

சாலைக்கு ஓடினாள். பேருந்து வளைவில் திரும்பியது. பின்கண்ணாடியில் ஒரு முகம். இரண்டு சின்னக் கைகள். இருமி இருமி அவன் விட்ட மூச்சில் கண்ணாடி வெளுத்தது. முகம் மறைந்தது. கைகள் மட்டும் அறைந்துகொண்டே இருந்தன.