பத்து அறைக்குத்தான் தண்ணீர்

கிணற்றுக்குள் முதலில் தெரிந்தது ஒரு செருப்பு.

அடுத்தது... அதைப் போட்டிருந்த கால்!

நிலாந்தினியின் கையிலிருந்த அளவு நாடா நழுவித் தண்ணீரில் விழுந்தது. கிணற்றின் ஆழம் அளக்கத்தான் அவள் மூடியிருந்த ஓலையை விலக்கினாள். கட்டடக் கலைஞர்களுக்குப் பிணம் பார்க்கும் பாடம் எந்த வகுப்பிலும் இல்லை.

அலறினாள்.

பத்தரை மணிக்கு நெடுந்தீவுப் பொலிஸ் வந்து உடலைத் தூக்கியது. நிசாந்தன். நீர் ஆய்வாளன். ஞாயிறு காலைப் படகில் ஊருக்குப் போய்விட்டான் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். இன்று செவ்வாய்.

"தண்ணி அளக்கப் போய்ச் சறுக்கியிருப்பார், பாவம்" என்றார் கதிர்காமு. கிணறு இருந்த காணியின் சொந்தக்காரர். அவர் வீட்டு அறையில்தான் நிலாந்தினி ஒரு வாரமாகத் தங்கியிருந்தாள்.



தீவைக் கெடுக்காத ஒரு விடுதி... அதுதான் அவள் வரைய வந்தது. பவளக்கல் மதிலில் ஒரு கல்லையும் அசைக்காமல், பனையோலைக் கூரையும் சூரிய மின்சாரமுமாக நாற்பது அறைகள். சனிக்கிழமை நிசாந்தன் அதன் தலையில் ஒரு குண்டைப் போட்டான்.

"நாப்பது அறைக்குத் தண்ணி இழுத்தால் ஒரு வருசத்தில ஊர்க் கிணறு முழுக்க உப்பு, அக்கா. பத்து அறைதான் தாங்கும். இந்தாங்கோ, கையெழுத்துப் போட்டிருக்கிறன்."

அந்த அறிக்கை இப்போது அவள் பையில் இருந்தது. அவனிடம் இருந்திருந்தால் அவனோடு போயிருக்கும்!

கைபேசி அலறியது. விடுதிக் கம்பனி முகாமையாளர் றொஜன்.

"நிசாந்தன்ர பேப்பர் உம்மட்டையோ இருக்கு?"

"ஏன் கேக்கிறியள்?"

"ஒருத்தரிட்டையும் குடுக்காதேயும். நான் பின்னேர போட்டில வாறன். அதுவரைக்கும் தனியா ஒரு இடமும் போகாதேயும்."

லைன் துண்டிக்கப்பட்டது.

நிசாந்தனை முடித்தவன் இவனா? பின்னேர போட்டில் வருவது முகாமையாளரா... யமனா? தீவைச் சுற்றிக் கடல். எங்கே ஓடுவது? பயத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கதிர்காமுவின் வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்தப் பேப்பரை என்னட்டைத் தாரும், பிள்ளை" என்றார் அவர் ஆறுதலாக. "நான் ஒளிச்சு வைக்கிறன். றொஜன் வந்தால் நான் கதைக்கிறன்."

அவள் பையைத் திறந்தாள்.

குசினியிலிருந்து அவர் மனைவி மீனலோசனி ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள். "முதல்ல இதைக் குடியும். முகமெல்லாம் வெளிறிப் போச்சு."

நிலாந்தினி செம்பை வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அக்கா... இது அந்தக் கிணத்துத் தண்ணியோ? மூண்டு நாளா நான்..."

"சீச்சீ, பயப்பிடாதேயும். ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் நாங்கள் அதில அள்ளுறேல்லை. அது கூடாது, இனி அள்ளாதே எண்டு இவர்தான் சொன்னவர். கோயிலடிக் கிணத்தில இருந்து நான்தான் சுமக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை தொடக்கமா?

பிணத்தைக் கண்டதே இன்றைக்குத்தானே!

நிலாந்தினி மெல்ல நிமிர்ந்தாள். கதிர்காமு கதவின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் ஓலை வெட்டும் கத்தி.

"பேப்பரைத் தாரும்."

"அண்ணை... நீங்களோ?"

"பத்து அறையெண்டால் கம்பனி வாங்கி வச்சிருக்கிற கடற்கரைத் துண்டே போதும். என்ர காணியை ஆர் வாங்குவான்? அவனிட்டையும் மரியாதையாத்தான் கேட்டனான். தரேல்லை. கிணத்துக்குள்ள தள்ளிப்போட்டன்."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கத்தி உயர்ந்தது...

"கத்தியைக் கீழ வையுங்கோ, அண்ணை."

குசினி வாசலில் பொலிஸ் சார்ஜன் சிவகுரு! ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டுது. றொஜனும் உங்களைச் சந்தேகப்பட்டுத்தான் எங்களுக்குப் போன் அடிச்சவர்."

கத்தி கீழே விழுந்தது. கதிர்காமு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயோ இவரைக் கூட்டி வந்து வச்சிருந்தனி?"

"ஓம். காலமை பிரேதத்தைக் கண்ட உடன எனக்கு விளங்கிட்டுது" என்றாள் மீனலோசனி. குரல் நடுங்கியது, கண் நடுங்கவில்லை. "ஒரு தாய் பெத்த பிள்ளையைக் கொல்ல உங்களுக்கு மனம் வந்திருக்கு. அந்தத் தண்ணியைக் குடிக்கத்தான் மனம் வரேல்லை."

விலங்கு பூட்டும்போது கதிர்காமு செம்பைப் பார்த்தார்.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி தா."

மீனலோசனி செம்பை எடுத்து நிலாந்தினியின் கையில் வைத்தாள்.

"மூண்டு நாளா வெயிலுக்குள்ள சுமந்து எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. நீங்கள் போற இடத்தில குழாய்த் தண்ணியாம்... அங்க போய்க் குடியுங்கோ."