சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க

நானும் என் மகன் றுஷாந்தனும் பதுளையில் ஜாபிரின் கார் சேலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற வாகனங்களின் முதுகிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

மகன் ஐந்து வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். முதல் கார் எடுக்கப் போகிறான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் முச்சக்கரவண்டிகள் உண்டு. கார் யாரிடமும் இல்லை.

ஜாபிர் எங்களை ஒரு வெள்ளைக் காரிடம் கூட்டிப்போனார்.

"இத எடுங்க தம்பி. நாலு கதவு. அம்மாக்கு ஏறி எறங்கச் சொகம். மொத வண்டிக்கு இதுதான் சரி."

றுஷாந்தன் அதைப் பார்க்கவே இல்லை. மதில் ஓரமாக, தார்ப்பாய் பாதி விலகி நின்ற ஒரு சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாழ்ந்த உடம்பு. இரண்டே கதவு. பின்னால் இறக்கை மாதிரி ஒன்று. அவனைவிட வயதில் மூத்த கார்.

"ஜாபிர் நானா, அது?"

"அதுவும் விக்கத்தான் ஈக்கு. ஆனா ஒங்களுக்குத் தோது வராது."

"ஏன் நானா?"

"ரேஸ் ஓடுற பொடியனுகளுக்குச் செஞ்ச வண்டி தம்பி. பெற்றோல் குடிக்கும். சாமான் ஒண்ணு ஒடைஞ்சா கொழும்பு பூரா தேடணும். எல்லாத்தையும் விடுங்க, அம்மாவ எங்க வெப்பீங்க?"

"அம்மா எங்க போகப் போறாங்க?" என்று றுஷாந்தன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஜாபிர் சிரிக்கவில்லை.

உட்கார்ந்து பாருங்கள் என்று மகன் சொன்னதால் ஏறினேன். முன் சீட்டின் பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் சீட்டு முன்னால் சாயும். அந்த இடுக்கில் குனிந்து நுழைய வேண்டும். பின்னால் உட்கார்ந்தவர் தானாக இறங்க முடியாது. வெளியே நிற்பவர் சாய்த்துவிட வேண்டும். பின்பக்கக் கண்ணாடியும் இறங்காது.

உள்ளே வெற்றிலையும் தைலமும் கலந்த வாசம்.

முன் சீட்டின் முதுகில் வெள்ளையாக ஒரு தீற்றல், ஒரு விரல் நீளத்துக்கு. முந்தானையால் துடைத்தேன். சுண்ணாம்பு. வெற்றிலை போடுகிறவர்கள் மிச்சத்தை எங்கேயாவது தடவுவார்களே, அப்படி.

"இதுல வெத்தல போடுறவங்க யாராச்சும் இருந்தாங்களாங்க?"

ஜாபிர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மூணு தரம் கழுவிட்டேம்மா. போகுது. பொறகு வருது."

மகன் இயந்திரத்தை முடுக்கினான். அந்த உறுமலில் ஜாபிர் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது ஜாபிர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"பின்னால ஆள் ஏத்தினா, எறக்கிவிட மறக்காதீங்க தம்பி."

பத்து நாள் கழித்து மொனராகலைக்குப் புறப்பட்டோம். அங்கே என் மகள் சுஜீவாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. போகும் வழியில் நிலுக்ஷியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றான் மகன். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். பதுளையில் வேலை, வீடு மொனராகலையில். நான் அதுவரை அவளைப் பார்த்ததில்லை.

காரைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

"அவங்க வீட்டுல நான் பதுளை டவுன்னு சொல்லியிருக்கேன். அப்பா தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தாருன்னும்."

அவன் என் கைகளைப் பார்த்தான். முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கை. விரல் வெடிப்புகளில் ஏறிய கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. நான் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இன்னைக்கி மட்டும் நீங்க தோட்டத்துல தெரிஞ்ச ஒரு அம்மா மாதிரி வாங்க. கல்யாணப் பேச்சு முடியட்டும். பொறகு நானே சொல்லிருவேன்."

"சரிடா. அந்தப் புள்ளைய நான் மிஸ்னு கூப்புடவா?"

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றான்.

தோட்டத்தில் துரையின் ஜீப் வந்தால் நாங்கள் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நிற்போம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கால் தானாக இறங்கும். அன்றைக்கு என் மகனின் காருக்கும் அப்படித்தான் ஒதுங்கினேன்.

நிலுக்ஷி நல்ல பிள்ளை. ஏறியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, கால் வைக்க எடம் இருக்கா? சீட்ட முன்னுக்குத் தள்ளவா?"

"வேணாங்க மிஸ். தாராளமா இருக்கு."

"யாரு றுஷான் இவங்க?"

"தோட்டத்துல தெரிஞ்ச அம்மா. மகள் வீட்டுக்குப் போறாங்க. பாவம், ஒரு லிஃப்ட்."

பசறை வளைவுகளில் கார் ஆடிய ஆட்டத்தில் பக்கத்துக் காலி இடத்தில் கையை ஊன்றினேன். சீட்டு சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

மொனராகலைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். அங்கே மலைக்காற்று கிடையாது. நிலுக்ஷி வீட்டு வாசலில் அவளுடைய அப்பா நின்றார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று மகனின் தோளில் கைபோட்டார். நிலுக்ஷி என்னைக் காட்டினாள்.

"ஆன்ட்டியும் வரட்டுமே."

"ஐயோ, வரமாட்டாங்க. கூச்சப்படுவாங்க," என்றான் என் மகன்.

நான் உள்ளேயிருந்து தலையாட்டினேன். "நீங்க போங்க மிஸ். நான் இங்கயே இருக்கேன்."

அவர்கள் படியேறியதும் அவன் குனிந்து என்னிடம் கிசுகிசுத்தான்.

"அஞ்சு நிமிஷம்மா. அசையாம இருங்க. அலாரம் போட்டிருக்கேன். அசைஞ்சா கத்தும். எல்லாரும் வந்து பார்ப்பாங்க."

கதவுக் கண்ணாடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டான். கதவு சாத்தியது. க்ளிக்.

வீட்டுக்குள்ளிருந்து தட்டுச் சத்தம் வந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது. மகனின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது.

ஐந்து நிமிடம் போனது. பிறகு அரை மணி.

தகரக்கூரை வெயில் மாதிரி கூரை என் தலையில் இறங்கியது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. இழுப்புக்கு அடிக்கிற மருந்து பையில் இருந்தது. பை டிக்கியில் இருந்தது.

அப்போதுதான் வெற்றிலை வாசம் எழுந்தது.

"சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க தம்பி."

ஒரு பெண் குரல். மிகவும் மரியாதையான குரல்.

என் பக்கத்திலிருந்து.

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"பயப்படாதீங்க அக்கா. மெல்லமாத்தான் பேசுறேன். சத்தம் போட்டா அவங்களுக்கு வெக்கம்."

"யாருங்க நீங்க?"

"ஜெயலெட்சுமிங்க. உள்ள போன தம்பி உங்க மகனா?"

யாரும் கேட்காத இடம். உயிரோடு இல்லாத ஒருத்தியின் கேள்வி. அப்போதும் என் வாய் பழகிய பொய்யைத்தான் சொன்னது.

"இல்லைங்க. தெரிஞ்ச தம்பி."

"எனக்கு மகன்," என்றது குரல். "ஹோட்டல்ல கூட்டாளிமாரு இருந்தாங்க. அஞ்சு நிமிஷம்னான்."

"வந்தாரா?"

"வந்தான். பொழுது சாஞ்சு வந்தான்."

வியர்வை என் கழுத்து வழியாக இறங்கியது.

"நடுவுல ஒரு ஆளு வந்து கண்ணாடியத் தட்டினாரு அக்கா. என்னம்மா, தெறந்துவிடச் சொல்லவான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். ஒண்ணும் இல்லபோலன்னு போயிட்டாரு. சிரிச்சிருக்கக் கூடாதுங்க."

டக். டக்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு மனிதர் குனிந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும்.

"என்னம்மா, உள்ளயா இருக்கீங்க? இந்த வெயில்ல? அவங்களக் கூப்பிடவா?"

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இப்போதுதான் அவள் சொல்லிக் கேட்டிருந்தேன்.

ஆனாலும் நான் சிரித்தேன்.

அவர் போய்விட்டார். என் பக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது.

"அசைங்க அக்கா. அலாரம் கத்தட்டும்."

"வெக்கமா இருக்குங்க."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு."

கண் இருட்டியது. நெஞ்சுக்குள் யாரோ துணி பிழிவது போல இருந்தது. முன் சீட்டின் முதுகில் ஒரு அடி விழுந்தது. இன்னொரு அடி. கார் முழுக்க அதிர்ந்தது. அலாரம் ஊரைக் கூட்டி அலறியது.

என் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

மகன் ஓடி வந்தான். கதவைத் திறந்து, சீட்டைச் சாய்த்து, என்னை இழுத்தான். நிலத்தில் உட்காரவைத்தார்கள். அவன் டிக்கியிலிருந்து மருந்தை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு உடனே விலகி நின்றான். நிலுக்ஷி தண்ணீர் கொடுத்தாள். அவள்தான் என் முதுகைத் தடவினாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு மகன் யாரும் இருக்காங்களா? நம்பர் சொல்லுங்க, நான் கோல் எடுக்கிறேன்."

நான் என் மகனைப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மகன் வெளிநாட்டுல இருக்காருங்க மிஸ்."

காருக்குள்ளிருந்து அந்தக் குரல் அவசரமாக எழுந்தது. "அக்கா, சீட்ட மூட விடாதீங்க. நானும் எறங்குறேன்."

"பொறு தம்பி" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பைத்தியம் என்பார்களே என்று.

மகன் சீட்டைத் தள்ளி நிமிர்த்தினான். கதவைச் சாத்தினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடைசியாக ஒன்று கேட்டது.

"அப்போ அந்தத் தம்பி யாரு மகனும் இல்லையா அக்கா?"

நான் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் ஏறவில்லை. அன்றைக்கே சுஜீவா வீட்டுக்கு வேறு வண்டியில் போய், பஸ்ஸில் திரும்பி வந்தேன். கார் லயத்துக்கு மேலே ரோட்டில் நின்றது. விடியற்காலையில் நான் மகனின் சாவியை எடுத்துப்போய்க் கதவைத் திறந்து சீட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"எறங்குங்க அக்கா."

யாரும் இறங்கவில்லை. முன் சீட்டின் முதுகில் மட்டும் தினமும் புதிய சுண்ணாம்பு.

மூன்று வாரம் கழித்து மகன் என் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"நிலுக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. லயம், கொழுந்து, எல்லாம். அழுதுட்டா. ஞாயித்துக்கெழம பதுளைக் கோயிலுக்கு அவங்க அப்பாவோட வர்றா. எல்லாரு முன்னுக்கும் இதுதான் எங்க அம்மான்னு சொல்லப்போறேன். கார்லயே போவோம்."

எனக்கும் அழுகை வந்தது. "நீ கார்ல வா தம்பி. நான் பஸ்ல வர்றேன்," என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஜெயலெட்சுமியைப் பற்றியும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கும்போதே நான் பஸ்ஸுக்கு இறங்கிவிட்டேன். கோயில் படியில் நின்றேன். கீழே நிலுக்ஷியும் அவளுடைய அப்பாவும் நின்றார்கள். சனம் வந்துகொண்டிருந்தது.

சிவப்புக் கார் வந்து நின்றது. கருநீலச் சட்டையில் என் மகன் இறங்கினான். சுற்றி வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டைச் சாய்த்தான். கையை நீட்டினான்.

"மெதுவா. தல இடிக்கும். எறங்குங்கம்மா."

அப்படியொரு குரலில் அவன் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

ஆள் இறங்கினால் வண்டி எழும்புமே, அப்படிக் காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது.

"நிலு, இதுதான் எங்க அம்மா."

நிலுக்ஷி குனிந்து உள்ளே பார்த்தாள். "யாரு றுஷான்? உள்ள யாரும் இல்லையே?"

"தம்பி!" நான் படியிலிருந்து கத்தினேன். வாழ்நாளில் முதல்தடவையாகச் சனத்துக்கு முன்னால் கத்தினேன். "தம்பி, நான் இங்க இருக்கேன்டா! நான்தான்டா அம்மா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. நடிப்பும் இல்லை. வழியில் கண்ட ஒருவரைப் பார்க்கிற பார்வை.

"வாங்க, நீங்களும் வந்தீங்களா?" என்றான். பிறகு நிலுக்ஷியிடம் மெதுவாகச் சொன்னான்.

"தோட்டத்துல தெரிஞ்ச அம்மா."

நிலுக்ஷி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் முழங்கையை மடித்து, யாரையோ தாங்குகிறவன் போல ஒவ்வொரு படியாக ஏறினான். வயதானவர் நடக்கும் வேகத்தில். கருநீலச் சட்டைக் கையில் நான்கு விரல் தடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

என்னைக் கடக்கும்போது வெற்றிலை வாசம் வீசியது.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றது குரல். "கேட்டேனே. நீங்க சொல்லவே இல்லையே."

அந்தக் காரின் பின் சீட்டில் இப்போது எந்த வாசமும் இல்லை. நானே போய் முகர்ந்து பார்த்தேன். அந்த வாசம் எங்கள் வீட்டில் இருக்கிறது. சோறு போடும்போது மகன் இரண்டு தட்டு கேட்கிறான்.