நிழல் விழுந்த ஸ்பூல்

அம்சா கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவள் கூப்பிட்டது கேட்டது.

“என்னங்க, காப்பி.”

ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. பாடகர் ஆலாபனையை நிறுத்தி மூச்சு வாங்கிய இடம் அது. தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தம்புராவுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல மெலிதாக அந்தக் குரல். வெங்கடாசலம் நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு விநாடி கழித்து மாடிப்படிக்குக் கீழேயிருந்து அம்சா நிஜமாகவே கூப்பிட்டாள். “என்னங்க, காப்பி.” அதே இழுப்பு, அதே சலிப்பு.

அவர் பதில் சொல்லவில்லை. கச்சேரி ஓடும்போது அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. விழுப்புரத்தில் அந்த வீட்டின் சட்டம் முப்பத்து நான்கு வருஷமாக அதுதான்.

பழைய ஸ்பூல் டேப்பில் நிழல் விழும் என்பது சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கோளாறு. நாடா சுற்றின்மேல் சுற்றாக வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கும்போது, ஒரு சுற்றிலிருக்கும் சத்தம் பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடும். அதனால் பாடகர் வாயைத் திறப்பதற்கு ஒன்றிரண்டு விநாடி முன்னாலேயே அவர் குரல் மங்கலாகக் கேட்கும். ஆனால் டேப்பில் இருக்கும் சத்தத்துக்குத்தானே நிழல் விழும்? அம்சா அந்த டேப்பில் இல்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் திருவெண்ணெய்நல்லூர்க் கோயில் உற்சவத்தில் அந்தப் பாடகர் பாடியபோது அவள் கோலியனூரில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் சுற்றி அதே இடத்தை மறுபடி போட்டார். பாடகர் நிறுத்தினார், தம்புரா ஓடியது. வேறொன்றும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் காதைத் தீட்டியே சம்பளம் வாங்கியவர் அவர், காது ஏமாற்றியது என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. காப்பியை ஆறவிட்டுத்தான் குடித்தார்.

அந்த ஸ்பூல் அன்று காலையில்தான் திண்டிவனத்திலிருந்து வந்தது. மல்லாட்டைக் கடலை வியாபாரி புஷ்பதந்தன் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. இருவரும் முப்பது வருஷ நண்பர்கள். சமணர் வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும் என்று வெங்கடாசலம் அதற்குத் தகுந்த பஸ் பிடித்துப் போய்ப் பலமுறை சாப்பிட்டிருக்கிறார். ஆனால் இருவரும் தங்களிடமிருந்த உயர்ந்த சரக்கை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டியதில்லை. ரசிகர்களின் நட்பு அந்த அழகில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து வேறொரு சேகரிப்பாளர் வரப்போகிறார் என்று வாட்ஸப் குழுவில் தெரிந்ததும் இவர் வியாழக்கிழமையே ஓடினார்.

புஷ்பதந்தனின் மனைவி சந்திரவதி பன்னிரண்டு ஸ்பூலைக் கேட்ட விலைக்கே கொடுத்தாள். பதின்மூன்றாவது மெஷினிலேயே மாட்டியபடி இருந்தது. அது கடைசியாக அவர் கேட்டது, இருக்கட்டும் என்றாள். அட்டைப் பெட்டியிலிருந்த பாடகர் பெயரை வெங்கடாசலம் இரண்டு தடவை படித்தார். ஒரு இசைத்தட்டுகூடக் கொடுக்காமல் செத்துப்போனவர். அவர் குரல் எங்குமே இல்லை என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வீட்டில் வைத்தால் மூச்சுக்கு ஆகாது, நானே கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். அவள் நம்பினாள். நண்பன் பெண்டாட்டியிடம் பொய் சொன்ன வாய், பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மாடி அறையின் ஜன்னல்கள் எப்போதும் ஆணியடித்து மூடியவை. புளித்துப்போன பழைய நாடாவின் வாடையும், சூடேறிய மெஷினின் வாடையும், ஈரச் சுவரின் வாடையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. டேப்பில் குக்கர் நான்கு விசில் அடித்தது. அரை நிமிஷம் கழித்துக் கீழே குக்கர் நான்கு விசில் அடித்தது. பிறகு டேப்பில் பால்காரனின் மணி கேட்டது, கால் மணி நேரம் கழித்து வாசலில் கேட்டது. ஒவ்வொரு முறையும் பின்னால் சுற்றிப் பார்த்தார். நடந்து முடிந்தது எதுவும் டேப்பில் இல்லை. அது கழுவி விட்டதுபோலப் போயிருந்தது. நடக்கப் போவது மட்டும் இருந்தது, டேப்பில் கேட்பதற்கும் நிஜத்தில் நடப்பதற்கும் இடைவெளி வரவர நீண்டது.

சனிக்கிழமை காலை சந்திரவதிக்குப் போன் போட்டார். புஷ்பதந்தன் அந்த டேப்பைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

“கடைசி பத்து நாளும் அதையேதான் போட்டுக் கேட்டுக்கினு இருந்தாருண்ணா. பொழுது போறதுக்குள்ள சாப்ட வாங்கன்னு கத்திக்கினே இருப்பேன், வரமாட்டாரு. ஒருநாளு கீழ வந்தாரு. ‘உன் குரலு வருது சந்திரா, பையன் குரலும் வருது. எங்குரலுதான் எங்கியும் வரல’ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாளு போயிட்டாரு.”

வெங்கடாசலம் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏண்ணா, பூஞ்சைன்னீங்களே,” என்றாள் அவள். “இன்னுமா தூக்கிப் போடல?”

போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தில் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், கேட்பது. டேப்பைக் கடைசிவரை ஓடவிட்டார்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் அடங்கிய இடத்தில், எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது. பின்னால் கனமாக ஏதோ விழுந்தது. பிறகு, “என்னங்க.” மூச்சில்லாத குரல். “என்னங்க.” அவர் எண்ணினார். பதினொரு தடவை. அப்புறம் வெகுநேரம் பாட்டு மட்டும். அப்புறம் தன் குரலையே கேட்டார். “அம்சா” என்று ஒரே ஒரு கத்தல்.

அதற்கும் அப்புறம், அவள் முனகல்.

ஆனந்தபைரவி. பெண் பார்க்கப் போனபோது கோலியனூரில் அவள் பாடிய ராகம். கல்யாணமான மூன்றாம் மாதம் இவர் ரேடியோவுக்கு முன்னால் மைக் வைத்துக் கச்சேரி பிடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் அவள் தன்னை மறந்து கூடவே முனகிவிட்டாள். டேப் பாழாயிற்று. சுருதி சேராத வாய எதுக்குத் தொறக்கற, என்று அவள் மாமியார் முன்னாலேயே இவர் கேட்டார். அதன்பிறகு அவள் முனகியதே இல்லை. தாலாட்டுகூட இல்லாமல்தான் பெண்ணை வளர்த்தாள். இப்போது இந்த நிழலில் அவள் முனகினாள். சுருதி கொஞ்சமும் விலகாமல், தம்புராவோடு இழைந்து, டேப் தீர்ந்து நாடாவின் நுனி டப் டப்பென்று அடிக்கும்வரை முனகினாள்.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. குரல் இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், புஷ்பதந்தன் கணக்கு அதுதானே. அம்சா விழுவாள், இவர் பயந்து கத்துவார், ஆனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கப்புறமும் பாடுகிறாளே!

கீழே போனார். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டு டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அந்த வீட்டு டிவிக்குச் சத்தம் வைத்தே பழக்கமில்லை.

“உடம்பு எப்படி இருக்குது?” என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னா புதுசா கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“மூணு நாளா நெஞ்சு கரிக்கிது. முதுகு வரைக்கும் இழுக்குது. டாக்டராண்ட போலாமான்னு கேக்கத்தான் கூப்ட்டுக்கினே இருந்தேன்.”

“வாயுவா இருக்கும். திங்கக்கெழம போலாம்.”

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி மல்லாட்டையை எடுத்தாள். சனிக்கிழமையே கூட்டிப்போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அவர் நினைப்பெல்லாம் மாடியில் இருந்தது. நடந்து முடிந்தது அழிந்துவிடுகிறது என்றால், அந்த முனகலும் அழிந்துவிடும். அப்படி ஒரு ஆனந்தபைரவி உலகத்தில் எவரிடமும் இல்லை. அழிவதற்குள் அதை லேப்டாப்பில் ஏற்றிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழையில் மணி மூன்றுக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தி, ஒயரை மாட்டி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டார். ஜங்ஷனில் ரயில் ஊதியதுகூட எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. பாடகர் பாடினார். தனி ஆவர்த்தனம் முடிந்தது. கைதட்டல் அடங்கியது.

டம்ளர் உருண்டது. கனமாக விழுந்தது.

“என்னங்க.”

நேற்றைவிடத் தெளிவாக இருந்தது. நன்றாகப் பதிகிறது என்று அவருக்குச் சந்தோஷம். “என்னங்க.” விரல்விட்டு எண்ணினார். பதினொன்று. சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தன் கத்தல் வந்தது. பிறகு முனகல். ஒரு இழை குறையாமல் கேட்டு முடித்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

ஏற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று லேப்டாப்பில் அந்த இடத்தை ஓடவிட்டார்.

கைதட்டல் அடங்கியது. தம்புரா ஓடியது.

டம்ளர் உருளவில்லை.

மறுபடி போட்டார். கைதட்டல், தம்புரா, அடுத்த பாட்டு. என்னங்க இல்லை. ஒன்றுகூட இல்லை. தன் கத்தல் இருந்தது. முனகல் இருந்தது. பதினொன்று மட்டும் இல்லை.

நடந்து முடிந்தது டேப்பில் இருக்காது.

ஹெட்போனைக் கழற்றினார். வீடு அமைதியாக இருந்தது. மணி நாலே முக்கால். அவள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

படி. பதினெட்டுப் படி. காப்பி வாடை. டிவியில் யாரோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். அடுப்படி வாசலில் டம்ளர் கிடந்தது. காப்பி காய்ந்து ஓரத்தில் எறும்பு வந்திருந்தது.

அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். கை மாடிப்படியைப் பார்த்து நீண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

கத்தக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார். கத்தாவிட்டால் அது இன்னும் நடக்கவில்லை என்று ஆகும். கையைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

“அம்சா!”

டேப்பில் கேட்ட அதே கத்தல். அதே நீளம்.

பிறகு மழை மட்டும். அடுத்து என்ன என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததும் பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டியது.

அவள் உதடு அசையவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. எறும்பு ஒன்று கன்னத்தில் ஏறி, திறந்திருந்த கண்ணின் ஓரம்வரை போயிற்று.

மூடிய வாய்க்குள்ளிருந்து ஆனந்தபைரவி எழுந்தது.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்த ஒரு கத்தலுக்குப் பிறகு டேப்பில் தன் குரல் வருகிறதா என்று புஷ்பதந்தனைப்போலத் தேடிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. வாயைத் திறந்தபடியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். முனகல் நிற்கவில்லை. திறந்த கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சுருதி சுத்தமாக இருந்தது.