நாலாவது பாத்தி

இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? நேற்று நாலு வாளி, இன்றைக்கு ஐந்து. மற்ற மூன்று பாத்திகளும் கறுத்துக் குளிர்ந்து கிடக்கின்றன. ஜன்னலுக்குக் கீழே இருக்கிற இது மட்டும் சாம்பல் மாதிரி வெளுத்திருக்கிறதே, ஏன்?

இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டின் பின்னால் முன்பு வெறும் சிமெண்டுத் தரைதான். அதை உடைத்து, கற்களை அள்ளி வெளியே கொட்டி, இரண்டு லாரி செம்மண் இறக்கி, எரு கலந்து, முளையடித்துக் கயிறு கட்டிப் பாத்தி பிரித்தது எல்லாம் ஒரே மாதத்தில் நடந்தது. வரைபடம் இறந்துபோன அக்காவுடையது. வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய் இந்த வீட்டில் படுத்திருந்த எட்டு மாதத்தில், பழக்கமில்லாத இடது கையால் பென்சில் பிடித்துக் கோணலும் மாணலுமாகப் போட்டது. தக்காளி, கீரை, ரோஜா. நாலாவது கட்டத்துக்குள் செடியின் பெயர் இல்லை. ஆறடிக்கு இரண்டரை அடி என்று மட்டும் இருந்தது.

"அம்மாவோட கட்டில் அளவு சித்தி," என்றாள் சிட்டு, அக்காவின் ஒரே மகள். "படுத்துப் படுத்து அந்த அளவுதான் மனசுல நின்னுருக்கு. அதுல சாமந்தி போடலாம்."

தோட்டக்காரர் ஒரு வாரம் கழித்து வந்து அதைக் கிளறிப் பார்த்தார். "இது என் மச்சான் மாதிரிங்க. எவ்வளவு ஊத்தினாலும் இன்னும் கொண்டாம்பான்."

சிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் சிரித்துவைத்தாள்.

அக்காவுக்குத் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தால் விடிவதற்குள் இரண்டு தடவை படுக்கை நனையும். புரட்டி, துடைத்து, விரிப்பு மாற்றி, அலசிக் காயப்போட்டு அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் பொழுது சாயும்போது, கட்டிலருகே ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். அக்காவின் இடது கைக்கு ஒரு சாண் எட்டாத தூரம். "காலையில தரேன்க்கா." இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாளும் முதுகு வலித்தது. அதன்பின் டம்ளரின் இடம் அதுவாகவே ஆகிவிட்டது. அக்கா ஒருநாளும் சண்டை போடவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள்.

"நீங்க இல்லன்னா எங்கம்மாவை யாரு சித்தி இப்படிப் பார்த்திருப்பா?" சாமந்தி விதையைத் தூவிக்கொண்டே சிட்டு கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நாக்கு ஏன் அப்படி வெடிச்சிருந்துச்சு?"

"காய்ச்சல் வந்தா அப்படித்தான்டி ஆகும்."

சிட்டு தலையாட்டினாள். அவளுக்கு இனி அம்மா என்றாலும் சித்திதான். தெரிந்தால் இந்த வாசல்படி மிதிக்கமாட்டாள்.

நாற்று முளைத்தது. வெயில் தெற்கிலிருந்து விழ, நாலாவது பாத்தியின் நாற்றுகள் மட்டும் வெயிலுக்கு முதுகு காட்டிச் சுவரின் பக்கம் சாய்ந்தன. தண்ணீர் ஊற்றும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அவசரமாக விழுங்கும் தொண்டையின் சத்தம். வாளி காலியானதும் அது நின்றுவிடும், ஆனால் மூச்சு வாங்குவதுபோல் மண்ணின் மேல் தூசி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புதன்கிழமை சுவரில், ஜன்னலுக்கு வெகு கீழே, காய்ந்த மண்ணால் ஐந்து கோடுகள். ஈரத்துணியால் துடைத்தாள். துணியின் ஈரம் நொடியில் காய்ந்தது. வியாழக்கிழமை கோடுகள் ஒரு சாண் மேலே இருந்தன. வெள்ளிக்கிழமை இன்னொரு சாண்.

சனிக்கிழமை அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் சிட்டு கடைக்குக் கிளம்பினாள். "நாலாவது பாத்தி காஞ்சு கிடக்கு சித்தி. பாவம். மறக்காம ஊத்திடுங்க."

"சரிம்மா."

வாளியை எடுக்கவில்லை. ஜன்னலை மூடிவிடலாம் என்று அக்காவின் அறைக்குள் போனாள். கட்டில் அப்படியே இருந்தது. ஸ்டூல் அப்படியே. திட்டில் டம்ளரும். அக்கா போன பிறகு அதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அது காலியாகத்தான் இருந்தது, நேற்றுகூடப் பார்த்தாள்.

இப்போது விளிம்புவரை தண்ணீர்.

நனைந்து காயாத விரிப்பின் நாற்றம். வெளியே சரசரவென்று மண் உதிர்ந்தது. சுவரில் நகம் உரசியது. மெதுவாக. நின்று. மறுபடியும்.

கம்பிகளுக்கு நடுவே விரல்கள் வந்தன. இடது கை. பென்சில் பிடித்தே கோணிப்போன ஆட்காட்டி விரல். தோல் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் வெளுத்த வேர்கள். அது டம்ளரை நோக்கி நீண்டது. நின்றது.

ஒரு சாண் எட்டவில்லை.

"கொஞ்சூண்டு," என்றது ஜன்னலுக்குக் கீழேயிருந்து. கோபமே இல்லாத குரல். "நாக்கு நனைய மட்டும்டி."

டம்ளரை அந்தக் கைப்பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஒரு விரலால் தள்ளினால் போதும்.

அவள் டம்ளரை எடுத்தாள். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. திரும்பி நடந்து, கட்டிலருகே ஸ்டூலின் மேல் வைத்தாள். அந்த எட்டு மாதமும் அது இருந்திருக்கவேண்டிய இடத்தில், ஜன்னல் விரல்களுக்கு இன்னும் தூரத்தில்.

விரல்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

"காலையில தரேன்க்கா," என்றாள்.