கடலில் மூன்று மினுக்கல்

உவரியில் எல்லா வீட்டு மாடிக்கும் கடல் தெரியும். அபிஷா வீட்டு மாடிக்கு மட்டும் கடலோடு அப்பாவும் தெரிவார்.

அப்பா பவுல்ராஜ் மத்தியானம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனால் விடியும்போதுதான் திரும்புவார். பொழுது சாய்ந்ததும் தூரத்தில் அவருடைய விளக்கு மூன்று முறை மினுக்கும். ‘சாப்பிட்டியா மக்கா?’ என்று அதற்கு அர்த்தம். அபிஷா தன் தகர டார்ச்சை இரண்டு முறை அடிப்பாள். ‘சாப்பிட்டேன்.’ சாப்பிடாமலே அடித்துவிட்டு அம்மாவிடம் மாட்டிக்கொண்டதும் உண்டு.

தேவாலயத் திருவிழா முடிந்த பிறகு அந்த விளக்கு மங்கத் தொடங்கியது. ஒருநாள் அணைந்தே போனது.

வள்ளத்தின் இன்ஜின் பழையது. ஆனால் நன்றாகத்தான் ஓடியது. ஓடும்போது அது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்ற வேண்டும். அதை மட்டும் செய்யவில்லை. விளக்கில்லாமல் இரவுக் கடலில் நிற்க முடியுமா? வள்ளம் கரையேறிவிட்டது. அப்பா வீட்டிலேயே இருந்தார். கடலைப் பார்த்தபடி, வீட்டில் இல்லாதவர் போலவே இருந்தார்.

ராதாபுரத்திலிருந்து இன்ஜின் பழுது பார்க்கும் சொரிமுத்து அண்ணாச்சி வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“பேட்டரி நல்லாத்தாம்வே இருக்கு. உள்ள கரண்ட் உண்டாக்குற காயில் போயிருக்கும். இவ்வளவு பழைய இன்ஜினுக்குக் காயில் எங்கன கிடைக்கும்? தேடிப் பார்க்கேன். மாசக்கணக்கு ஆகும்.”

“அதுவரைக்கும் நான் கொல்லத்துக்குப் போறேன். விசைப்படகுல ஆள் கேக்குதாங்க” என்றார் அப்பா.

“கொல்லத்துல இருந்து உங்க விளக்கு இங்கன தெரியுமாப்பா?” என்று கேட்டாள் அபிஷா.

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “போன் பண்ணுதேன் மக்கா.”

“போன்ல மினுக்க முடியாதுல்லா?”

அப்பா எழுந்து வள்ளத்தைப் பார்க்கப் போனார்.

அபிஷா நூலகத்தில் எடுத்துப் படிக்கும் தூர தேசத்துக் கதைகளில், பனி பெய்யும் ஊரில் யாராவது யாருக்காகவோ சன்னலோரம் காத்திருப்பார்கள். படிக்க நன்றாக இருக்கும். தனக்கே வரும்போது படிப்பது மாதிரி இல்லை.

மறுநாள் காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் டார்ச்சை அப்பாவுக்கே கொடுத்தனுப்பினால் என்ன? திருவிழாவுக்கு வள்ளத்துக்கும் இன்ஜினுக்கும் அடித்த நீலப் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்து டார்ச் முழுக்கப் பூசினாள். பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு வீட்டு ஞாபகம் வரட்டும்!

சாயங்காலம் பெயின்ட் காய்ந்துவிட்டது. செல் போட்டு, மூடியைத் திருகி, பொத்தானைத் தள்ளினாள்.

எரியவில்லை.

வேறு செல் போட்டாள். அப்போதும் எரியவில்லை. உள்ளே அம்மா அப்பாவின் சட்டைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் பஸ். அபிஷாவுக்கு அழுகை முட்டியது.

மூடியைக் கழற்றி உற்றுப் பார்த்தாள். திருகுகிற இடத்திலும் நீலப் பெயின்ட்! கவராயத்தின் முனையால் பைய சுரண்டினாள். தகரம் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி திருகினாள்.

டார்ச் எரிந்தது!

“ஓகோ, கரண்ட் போற வழியில நீ போய் உட்கார்ந்துக்கிட்டியாக்கும்?” என்று பெயின்ட்டை அதட்டினாள். அதட்டிய வாய் அப்படியே திறந்து நின்றது.

திருவிழாவுக்கு முன்னால் அப்பா இன்ஜின் மூடியைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. ஒரு கறுப்பு வயரை அவிழ்த்துவிட்டு, அந்த இரும்பிலும் நீலம் அடித்தார். காய்ந்த பிறகு அதன் மேலேயே வயரை முடுக்கினார்.

அபிஷா கடற்கரைக்கு ஓடினாள். அப்பா வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு வள்ளத்தைப் பார்க்க வந்திருந்த சொரிமுத்து அண்ணாச்சி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, போயிராதீங்க! அந்தக் கறுப்பு வயருக்கு அடியில பெயின்ட் இருக்கு!”

மூச்சு வாங்க அவள் சொல்லி முடித்ததும், அண்ணாச்சி இன்ஜின் மூடியைத் திறந்தார். வயரை அவிழ்த்தார். உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, வயரை இறுக்கி முடுக்கினார். இன்ஜின் சூடேறாமலிருக்க அதன் அடிப்பாகத்தைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி, அப்பா கயிற்றை இழுத்தார். இன்ஜின் உறுமியது.

முன்பு பன்னிரண்டு வோல்ட்டிலேயே நின்ற மீட்டர் இப்போது பதினாலைத் தொட்டது.

“ஏறுதுவே! கரண்ட் ஏறுது!” என்று கத்தினார் அண்ணாச்சி. பிறகு தலையைச் சொறிந்தார். “நானும் அதை அவுத்துப் பார்த்திருக்கணும். ஆமா, இன்ஜினுக்கு மூஞ்சியில பூசுனா போதாதாவே? குடல் வரைக்குமா பூசுவீரு?”

“கோயில் சாமியாரு வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிக்க வரும்போது அழகா இருக்கணும்னு நினைச்சேன்” என்றார் அப்பா. இந்த முறை சிரிப்பு தானாக வந்தது.

அன்றிரவே பையிலிருந்த சட்டைகள் கொடிக்குத் திரும்பின.

மறுநாள் பொழுது சாயும்போது அபிஷா நீல டார்ச்சோடு மாடியில் நின்றாள். கடல் கறுத்துக்கொண்டே வந்தது. கண் வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தூரத்தில் ஒரு வெளிச்சம். மினுக். மினுக். மினுக்.

அவள் இன்னும் சாப்பிடவில்லை. இன்றைக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“பொறுங்கப்பா, இந்தா வருதேன்!” என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சோற்றுத் தட்டை மாடிக்கே எடுத்துவரக் கீழே ஓடினாள்.