வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

செலினாவும் அவள் கணவன் அவுரேலியோவும் விடுமுறைக்கு வந்து சேர்ந்தபோது மழை தொடங்கியிருந்தது. மெந்தோசா நகரிலிருந்து தெற்கே நெடுந்தூரம் காரோட்டி வந்த அலுப்பு இருவருக்கும். மலைப்பாதை கடைசியாக வளைந்ததும் கீழே ஏரி தெரிந்தது. ஈயத்தை உருக்கி ஊற்றியது போல அசைவில்லாமல் கிடந்தது. கரையில், இலை சிவந்து உதிர்ந்துகொண்டிருந்த மரங்களுக்கு நடுவே குடில்கள். சீசன் முடிந்துவிட்டதால் ஒரே ஒரு புகைபோக்கியில்தான் புகை. இவர்களுக்காக மூட்டி வைத்த கணப்பு அது.

விடுதிக்காரி எர்மினியா, தோளில் கம்பளிப் போர்வையும் கையில் செர்ரி மதுவுமாக வரவேற்றாள். அவளுடைய அப்பா கட்டிய விடுதி. பெரிய பெரிய மரத்துண்டுகளை அடுக்கிய சுவர், ஆட்டுத்தோல் விரிப்பு, ஏரியைப் பார்த்தபடி குளிக்கலாம் என்று ஜன்னலோரம் வைத்த செம்புத் தொட்டி. கரடுமுரடாகத் தோன்றினாலும் எல்லாமே பார்த்துப் பார்த்துச் செய்த சொகுசு.

கட்டிலின் தலைமாட்டில், பலகைக்குப் பதிலாக, ஒரு பழைய கதவையே நிலையோடு சேர்த்துச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். கறுத்துப்போன கனத்த கதவு. அதன் துரு ஏறிய இரும்புத் தாழ்ப்பாள் இன்னும் போட்டபடியே இருந்தது.

அணை கட்டியபோது இந்த ஏரிக்குள் முழுகிய ஊரின் கதவு அது என்றாள் எர்மினியா. ஒரு வறட்சியில் தண்ணீர் இறங்கியபோது அப்பா அதை எடுத்து வந்தாராம். விருந்தாளிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம்.

"தாழ்ப்பாளை மட்டும் தொடாதீங்க செனோரா. துருப்பிடிச்ச இரும்பு, கையைக் கிழிச்சிடும்" என்றாள்.

மறுநாள் பகலில், சாப்பிட்டுவிட்டு இருவரும் கண்ணயர்ந்திருந்தார்கள். மழை கூரையில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கேட்டு செலினா விழித்தாள்.

தலைக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

பலமாக அல்ல. உள்ளங்கையை விரித்து, சோர்ந்துபோய்த் தட்டுவது போல.

அவள் மாட்டு வைத்தியம் பார்ப்பவள். தொழுவங்களிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் தனியாக நின்று பழகியவள். சட்டென்று பயப்படுகிற ஆளில்லை. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். அப்போது பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவுரேலியோ, கண் திறக்காமலே பதில் சொன்னான்.

"வந்துட்டேன்."

தட்டுவது நின்றது.

எழுப்பிக் கேட்டபோது அவனுக்கு எதுவும் நினைவில்லை. கனவு கண்டிருப்பாய் என்று அவளையே கிண்டல் செய்தான். ஆனால் அவனுடைய தலையணை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். சேற்று நாற்றமும் ஈரச் சாம்பல் நாற்றமும் அடித்தன. கூரையில் ஒழுக்கு எங்கும் இல்லை.

அன்றிலிருந்து அவுரேலியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவன் இசை ஆசிரியன். உட்கார்ந்த இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அதற்காகவே செலினா அவனைச் செல்லமாகக் குண்டா என்று கூப்பிடுவாள்; அவன் அவளை ஒல்லி என்பான். அவன் இப்போது நாற்காலியில் உட்காருவான், எழுவான், ஜன்னலுக்குப் போவான், கதவுக்குப் போவான். மழையில் இறங்கி ஏரிக்கரையில் இங்கும் அங்குமாக நடப்பான். எதையோ தேடுபவனைப் போல நாணல் புதர்களை விலக்கிப் பார்ப்பான்.

என்ன தேடுகிறாய் என்று கேட்டாள்.

"படகு" என்றான். பிறகு தானே திகைத்து, "ஏன் அப்படிச் சொன்னேன்?" என்று அவளையே கேட்டான்.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவள் மூட்டை கட்டினாள். ஆனால் மலைச்சரிவு இடிந்து விழுந்து பாதை அடைபட்டிருந்தது. மழை விட்டால்தான் மண்ணை அள்ளுவார்கள் என்றாள் எர்மினியா. வேறு குடில் கேட்டாள் செலினா. எர்மினியா மறுக்கவில்லை. மறு பேச்சில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அந்த அவசரம்தான் செலினாவை உறுத்தியது.

புதுக் குடிலில் சத்தம் எதுவுமில்லை. அவளும் சற்று நிம்மதியாகப் படுத்தாள்.

விடிந்து பார்த்தபோது பக்கத்தில் அவுரேலியோ இல்லை.

வெளியே பனிமூட்டம் ஏரியையும் கரையையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. பழைய குடிலின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலின்மேல் முழந்தாளிட்டு, அந்தத் தாழ்ப்பாளை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தான். விரல்களில் ரத்தம். அவள் தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தான். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போல, மரியாதையாக, அந்நியமாக.

"கொஞ்சம் கைகொடுங்கம்மா. உள்ளே புள்ளைங்க இருக்குங்க."

குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

அவள் எர்மினியாவின் வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த எர்மினியா, செலினாவின் முகத்தைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்தாள். செலினா அவளுடைய கையைப் பிடித்தபடி கேட்டாள். "அது யார் வீட்டுக் கதவு?"

எர்மினியா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். செனோன் என்பவனுடைய வீடு. எல்லாரும் ஊரைக் காலி செய்த பிறகும், மனைவி காய்ச்சலில் கிடந்ததால் அவன் தங்கிவிட்டான். தண்ணீர் ஏறத் தொடங்கிய அன்று படகு கேட்டு மேட்டுக்குப் போனான். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போய்விடக் கூடாதே என்று, போகும்போது கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டுப் போனான். படகோடு திரும்பி வந்தபோது வீட்டின் கூரைகூடத் தெரியவில்லை. அதன்பின் சாகிறவரை இந்தக் கரையில்தான் நடந்துகொண்டிருந்தானாம்.

செலினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அறைக்குள் தெரிகிற பக்கம்தான் கதவின் வெளிப்பக்கம். தட்டுகிறவர்கள் உள்ளே வருவதற்காகத் தட்டவில்லை.

"அப்பா சாகும்போது அதைத் திறக்கவே கூடாதுன்னு சொன்னாரு. ஏன்னு நான் கேட்கலை" என்றாள் எர்மினியா. "கேட்டிருந்தா இங்கே குடியிருக்க முடியுமா?"

செலினா திரும்பி வந்தபோது அவுரேலியோவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சுக்கு மூச்சு அவனுடைய மார்பிலிருந்து களகளவென்று ஒலி வந்தது. தண்ணீரில் விழுந்து எடுத்த கன்றுகளிடம் அந்த ஒலியை அவள் கேட்டிருக்கிறாள். அவை பிழைத்ததில்லை.

கதவுக்குப் பின்னால் இப்போது பல கைகள் தட்டின. சில கைகள் மிகக் கீழேயிருந்து.

பிறகு தட்டுவது குறைந்தது.

பிறகு நகங்கள் மட்டும் பிராண்டின.

அவள் கணப்பிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தாள். தாழ்ப்பாளின் வளையத்தில் கொடுத்து, முழு பலத்தையும் போட்டு நெம்பினாள். அவுரேலியோவும் கம்பியைப் பற்றிக்கொண்டான். துரு உதிர்ந்தது. இரும்பு மனிதக் குரலில் அலறியபடி நகர்ந்தது.

கதவு கொஞ்சம் திறந்தது.

பின்னால் வெறும் சுவர். மரத்துண்டுகளும் அவற்றின் இடுக்கில் அடைத்த பாசியும்தான்.

ஆனால் அந்த இடைவெளியிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று புறப்பட்டு, அவளுடைய கன்னத்தை உரசிக்கொண்டு வெளியேறியது. அடுத்து இடுப்பளவில் ஒன்று. அதற்கும் கீழே, முழங்காலைத் தடவியபடி இன்னொன்று.

அவுரேலியோ குனிந்து இருமினான். வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நிமிர்ந்தபோது அவளை அவளாகப் பார்த்தான். "என்ன ஆச்சு, ஒல்லி?" என்று கேட்டான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மழை விட்டது. பாதை திறந்ததும் கிளம்பிவிட்டார்கள். எர்மினியா வழியனுப்ப வரவில்லை.

மலையிறங்கி வறண்ட சமவெளிக்கு வந்த பிறகுதான் செலினாவுக்கு மூச்சு சீரானது. நல்ல வெயில். சாலையோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் நிறுத்தினார்கள். கடைக்காரம்மா இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான எம்பனாதாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு பெரிய குவளையில் பால்.

பால் கேட்கவில்லையே என்றாள் செலினா.

"கார்ல இருக்கிற அம்மா கேட்டாங்க" என்றாள் கடைக்காரி. "புள்ளைங்க முழிச்சுக்கிச்சாம். பாவம், அவங்களுக்கு உடம்பு முடியல போல, குரலே எழும்பல. உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்களேன்."

செலினாவின் கையிலிருந்த எம்பனாதா அப்படியே நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள்.

அவுரேலியோ குவளையின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடு பார்த்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு நிதானமாக வெயிலில் நடந்து போனான். காரின் பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது குவளை காலியாக இருந்தது. அவன் முகத்தில், இத்தனை வருடத்தில் அவள் ஒருபோதும் பார்த்திராத ஓர் அமைதி.

அவள் காரைப் பார்த்தாள்.

சுள்ளென்று அடிக்கும் வெயிலில், பின்பக்கக் கண்ணாடிகள் மட்டும் உள்ளிருந்து மூச்சுப் பட்டு வெளுத்திருந்தன.