இரண்டு தட்டு, ஒரு தட்டு

யானைமூக்கு மீன் இப்படித் தட்டாது. ஒனோரினுக்கு அது நன்றாகத் தெரியும்.

இவிண்டோ ஆற்றோரம் மரக்கால்களில் நிற்கும் அந்தக் குடிலில், ஆராய்ச்சிக்காரர் டவுனுக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். தண்ணீரில் விட்ட கம்பி, மீன்களின் மெல்லிய மின்துடிப்பைப் பிடித்து ஒலிபெருக்கியில் சத்தமாக்கும். தகரக் கூரையில் விழும் தூறல் மாதிரி, ஒரு ஒழுங்கே இல்லாமல் சடசடக்கும். கலங்கல் தண்ணீரில் அந்தத் துடிப்புதான் அவற்றுக்குக் கண். வாலால் துழாவியபடி பின்பக்கமாகவே நீந்தி, ஒரு வேரில்கூட இடிக்காமல் பொந்துக்குள் போய்விடும்.

இன்று காலை கொழுந்தன் மபிக்கா கொண்டுவந்து விட்ட மீன் மட்டும் கணக்காகத் தட்டியது. டக் டக். இடைவெளி. டக்.

அது அவள் கணவன் திபோண்டோவின் தட்டு.

பொழுது சாய்ந்தபின் ஆற்றில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தண்ணீர் பேரைக் கற்றுக்கொள்ளும். வீடு திரும்புகிறவன் துடுப்பால் படகின் விளிம்பில் தன் தட்டைத் தட்டுவான். கரையில் நிற்பவள் முகத்தைப் பார்த்த பிறகே பதிலுக்குத் தட்டுவாள். பதில் தட்டினால் 'வா, இது உன் வீடு' என்று அர்த்தம். போன வாரம் திபோண்டோவின் படகு மட்டும் மிதந்து வந்தது. உடல் கிடைக்காமல் துக்கத்துக்குத் தலையை மழிக்க மாட்டேன் என்று ஒனோரின் சொல்லிவிட்டாள். ஊர் என்னென்னவோ பேசியது. பேசட்டும், அவளுக்கு அவன் வேண்டும்.

"இத எங்கப்பா புடிச்ச?"

வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்த மபிக்கா சிரித்தான். "அண்ணனோட படகு ஒதுங்கின வளைவுலதான். மூஞ்சியப் பாருங்க அண்ணி, அப்படியே என் மாமியா!"

"உங்கண்ணன் தட்டு மாதிரி இல்ல?"

அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். மெல்லுவது நின்றது.

"மீன் தானா தட்டாது அண்ணி. அது யாருக்கோ பதில் சொல்லுது. நான் போய் ஊர்ப் பெரியவரக் கூட்டியாறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அவன் போனதும் இருட்டு ஆற்றிலிருந்து கரையேறியது. சேற்று வாடையும் எங்கோ கருவாடு புகைகிற வாடையும் கலந்து வந்தன; தவளைகள் கத்தின; எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சத்தம், எத்தனையோ மாலைகளில் அடுப்படியிலிருந்து அவளை எழுந்து ஓடவைத்த அதே சத்தம், விடாமல் கூப்பிட்டது. எங்கோ உயிரோடு இருக்கிறானோ? விரல் தன்பாட்டுக்குக் கண்ணாடியில் போய்த் தட்டியது.

டக் டக். டக்.

ஒலிபெருக்கி ஓய்ந்தது. எல்லாத் தொட்டிகளும். பெரிய கெளுத்தி நெருங்கினால்தான் இந்த மீன்கள் இப்படி மூச்சுக் காட்டாமல் கிடக்கும். அத்தனையும் வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் ஒடுங்கியிருந்தன.

தவளைகளும் கத்தவில்லை.

குடிலுக்கு அடியில், மரக்காலில், யாரோ தட்டினார்கள். டக் டக். டக்.

"திபோண்டோ?"

பேரைச் சொல்லிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

படியில் ஈரக் கால். இன்னொன்று. அவள் கை மயிர் சிலிர்த்து நின்றது.

வாசலில் முதலில் தெரிந்தது ஒரு குதிகால். பிறகு முதுகு. அவள் ஒட்டுப்போட்ட அதே சட்டை. பின்னால் நீட்டிய ஒரு கை, விரித்த விரல்கள், காற்றைத் துழாவின. அது முக்காலியைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு வந்தது. வாளியில் இடிக்கவில்லை. அவளை நோக்கி நேராக வந்தது.

முகம் இன்னும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.